தங்கள் கூட்டையே கடித்த முசுறுகள்

காட்டில் ஒரு மாமரம். அதன் உச்சிக் கிளையில் முசுறு எறும்புகள் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. நடு அறையில் ராணி இட்ட முட்டைகள் இருந்தன. கூடு பிய்ந்தால் அத்தனையும் காலி!

ஒருநாள் காலையில் ஒரு காகம் கள்ளிக் குச்சியைக் கவ்விக்கொண்டு மேலே பறந்தது. குச்சியிலிருந்து ஒரு சொட்டுக் கள்ளிப்பால் கூட்டின்மேல் விழுந்தது. பொல்லாத நஞ்சு அது! வெளி இலை ஒன்று கருகிச் சுருண்டது.

முசுறுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆபத்து வந்தால் கடிக்க வேண்டும். கடித்த இடத்தில் காரநீரைப் பீச்ச வேண்டும். அந்த நெடி யார் மூக்கில் ஏறினாலும் அவர்களும் ஓடிவந்து கடிக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கவே கூடாது!

காவல் தலைவன் முறுக்கன்தான் முதலில் வந்தான். கருகிய இலையைக் கடித்தான், பீச்சினான். அதில் தப்பே இல்லை. நஞ்சு பட்ட துண்டு அறுந்து கீழே விழுந்தது. ஆபத்தும் அதோடு போயிற்று.

ஆனால் நெடி போகவில்லையே! பத்துப் பேர் வந்தார்கள், கடித்தார்கள். நெடி கூடியது. நூறு பேர் வந்தார்கள். கடிக்க நஞ்சு இல்லை. அதனால் பக்கத்து இலைகளைக் கடித்தார்கள். என்ன புத்தியோ! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! நல்ல இலைகள் காரத்தில் வெந்தன. தையல் பிரிந்தது. நடு அறை சாய்ந்து முட்டைகள் உருண்டன.

தையல்காரி இழைச்சி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, நிறுத்துங்க! கூடு போகுது!"

"தள்ளிப் போடி! எதிரி உள்ளே புகுந்துட்டான்!" என்று கத்தினான் முறுக்கன்.

"எங்கே? காட்டுங்க பார்ப்போம்!"

"கண்ணுக்குத் தெரியலை. ஆனா நெடி ஏறிக்கிட்டே இருக்கே!"

"ஐயோ, அது உங்க நெடிதான் அண்ணே! நீங்க கடிக்கக் கடிக்க அது ஏறத்தானே செய்யும்!"

முறுக்கன் கடியை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தான். நஞ்சு தின்றது ஓர் இலை. தன் ஆட்கள் கிழித்தது ஒன்பது! அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போதும், நிறுத்துங்கடா!" என்றான். யார் கேட்டார்கள்? மூக்கில் நெடி ஏறியவன் காதில் எது விழும்!

"சும்மா இருன்னா இருப்பாங்களா? அந்த வாய்க்கு வேலை கொடுங்க!" என்றாள் இழைச்சி. "பீச்சாம, இலை ஓரத்தைக் கவ்வி இழுக்கச் சொல்லுங்க. நான் தைக்கிறேன்!"

முறுக்கன் தானே முதலில் ஓர் இலையைக் கவ்வி இழுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகக் கவ்வி இழுத்தார்கள். இழைச்சி சரசரவென்று தைத்தாள். நெடி அடங்கியது. நடு அறை நிமிர்ந்தது. இரண்டு முட்டைகள் மட்டும் கீழே விழுந்து உடைந்திருந்தன.

ராணி கேட்டாள்: "முறுக்கா, கள்ளிப்பால் எத்தனை முட்டையைக் கொன்னுச்சு?"

"ஒண்ணுகூட இல்லைம்மா."

"அப்போ இந்த ரெண்டும்?"

"அது நாங்க கடிச்சதால போனதும்மா" என்றான் முறுக்கன்.

நஞ்சை விரட்டக் கோபம் வேண்டும்தான்; நஞ்சு போன பிறகும் அடங்காத கோபம் நஞ்சைவிடப் பொல்லாதது.