மயிரிழை விலகல்

கோவில்பட்டி பிளெக்ஸ் அச்சகத்தில் புது பிரிண்டர் ஹெட்டைப் பொருத்த வந்த என்ஜினியர் சக்ரபாணி, அதை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டார். சோதனைக் கோடுகள் மயிரிழை விலகியே விழுந்தன.

பேனர் ஓரத்தில் வளையம் அடிக்கிற பரிபூரணம், "ஹெட் சரியாத்தான் இருக்கு சார்" என்றாள்.

"அப்போ ஸ்க்ரூவைத் தொடாம நேராக்கிக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் சக்ரபாணி. பக்கத்தில் நின்ற அச்சக முதலாளியும் தலையாட்டினார்.

"சரி சார். நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க."

சக்ரபாணி திரும்பி வந்தபோது கோடுகள் நூல் பிடித்தாற்போல் விழுந்திருந்தன.

"என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை சார். ஹெட் ஓடுற தண்டுல முழங்கையை ஊன்றிக்கிட்டே ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பார்த்தீங்க. அந்த முழங்கையைத்தான் டீக்கடைக்கு அனுப்பி வச்சேன்."

சக்ரபாணி மெல்லக் குனிந்து பார்த்தார். முழங்கையை இப்போதும் அங்கேதான் ஊன்றியிருந்தார்.