முன் வரிசைக் கேள்விகள்

ஒரே ஒரு ஊரிலே, ராஜாவும் இல்லை ராணியும் இல்லை, ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் அன்புக்கரசி. கணினிப் பொறியியல் துறைத் தலைவர். பெய்கிற மழையைக் கணக்கிட்டு, ஆற்றில் வெள்ளம் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் எழுதிப் பேர் வாங்கியவர். அதை நம்பித்தான் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் முபாரக். வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், வயதில் மூத்தவர். அவர் ‘மேடம்’ என்பார், இவர் ‘சார்’ என்பார்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று காலையில் முபாரக் அவர் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“மேடம், ஒரு தப்பு இருக்கு.”

“என் புரோகிராம்லயா, உங்க ஆராய்ச்சியிலயா?”

“உங்களோடதுல. அது மேலதான் நான் கட்டியிருக்கேன். எந்த வெள்ளத்தைக் காட்டி அதுக்குக் கத்துக்குடுத்தோமோ, அதே வெள்ளத்தை வச்சே சோதிச்சிருக்கோம். தெரிஞ்சதைத் திருப்பிச் சொல்லியிருக்கு. நாம மார்க் போட்டுட்டோம்.”

அன்புக்கரசி ஜன்னலைப் பார்த்தார். போன ஐப்பசியில் எச்சரிக்கை வரவில்லை. ஆறு வந்தது. கரையோரக் குடிசையிலிருந்த ஒரு தாயும் பிள்ளையும் வெள்ளத்தோடு போனார்கள். மழைமானி பழுது என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

“பட்டம் வாங்கிட்டு மெதுவாச் சொல்லிக்கலாமா மேடம்? உங்க பேரும் இருக்கு. நானும் எத்தனை வருஷமா இழுத்துட்டுக் கிடக்கேன். ‘பேரன் பொறந்தப்புறம்தான் டாக்டர் ஆவீங்க’ன்னு வீட்டுல கிண்டல்.”

“ஹால்ல யார்கிட்டல்லாம் கேள்வி குடுத்து வச்சிருக்கீங்க?”

“வழக்கம்போலதான். முன் வரிசைப் பசங்ககிட்ட, ஆளுக்கு ஒண்ணு. பதில் எல்லாம் மனப்பாடம்.”

“சமோசா சொல்லியாச்சா?”

“ஆச்சு மேடம்.”

“சரி, போங்க.”

ஹால் நிறைந்தது. முன் வரிசைப் பையன்கள் கேட்டார்கள். முபாரக் மளமளவென்று சொன்னார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தலையாட்டினார். பொன்னாடையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்புக்கரசி எழுந்தார். நெறியாளர் தன் மாணவரைச் சபையில் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

“இதுவரைக்கும் பார்க்காத மழை பெஞ்சா, இது என்ன சொல்லும் சார்?”

முபாரக் தண்ணீர் குடித்தார்.

“ஒண்ணும் சொல்லாது மேடம்.”

“எப்படித் தெரியும்?”

“போன ஐப்பசியில சொல்லல.”

தேர்வாளர் திரும்பினார். “மேடம், அடிப்படை உங்க புரோகிராம்தானே?”

“ஆமா. தப்பும் என்னோடதுதான்.”

தேர்வாளர் பேனாவை மூடினார். “இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சமோசாத் தட்டுகளை யாரும் தொடவில்லை. வெளியே வானம் கறுத்திருந்தது. அன்புக்கரசி குடையை எடுத்தார்.

“எங்கே மேடம்?”

“கலெக்டர் ஆபீசுக்கு. அந்தப் புரோகிராமை நிறுத்தச் சொல்லணும். ஆத்தைப் பார்த்துக்க ஆளுங்களைக் கரையில நிறுத்தச் சொல்லணும்.”

முபாரக் இரண்டு எட்டு பின்னால் வந்தார். “இந்தக் கேள்வியைக் கேப்பேன்னு காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

அன்புக்கரசி வாசலில் நின்றார்.

“அந்தம்மாகிட்டயும் யாரும் முன்னாடி சொல்லல சார்.”

அவர் மழையில் இறங்கிப் போனார். பொன்னாடையை மேஜையிலேயே விட்டுவிட்டு, முபாரக்கும் பின்னாலேயே போனார்.