மாப்பிள்ளை லைனில் இருக்கிறார்

கோணங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது அபாண்டம். மூளை எல்லோருக்கும் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து கைபடாமல், புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

அந்த ஊருக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி. அதற்குள் வெளிச்சத்தை ஓடவிட்டால் பேச்சும் படமும் கண் சிமிட்டுவதற்குள் கடல் தாண்டிப் போய்விடும். சாலையோரமாகக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டே வந்து, பஞ்சாயத்து ஆபீசில் ஒரு வெள்ளைப் பெட்டியில் கொண்டுவந்து செருகியிருந்தார்கள்.

ஊரில் எல்லோரையும்விட வார்டு உறுப்பினர் உலகம்மாளுக்குத்தான் அவசரம். மகள் செண்பகவடிவுக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. இப்போது வந்திருக்கிற மாப்பிள்ளை தளவாய்க்கு மஸ்கட்டில் வேலை, லீவு கிடைக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பெண்ணைப் பார்ப்பான். பிடித்தால் தை மாதம் கல்யாணம். பார்க்க முடியாமல் போனால் அவனுக்கு வேறு இடத்தில் பெண் தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மூக்காண்டியும் வீட்டாரும் பக்கத்து ஊரான மேலச்சுனையில் இருந்தார்கள். அங்கேயும் இதே கேபிள்தான். அவர்களும் அங்கிருந்தபடியே பெண் பார்ப்பதாக ஏற்பாடு. கோணங்குளத்தில் செல்போன் டவர் எடுக்காது என்பதால், எல்லாமே இந்தக் கேபிளை நம்பித்தான்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சும்மா விட முடியுமா? ஊராட்சித் தலைவர் ஆறுமுகநயினார் 'ஒளி வரவேற்புக் குழு' என்று ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள் உலகம்மாளும், மைக்செட் வைத்திருந்த சங்கிலிபூதத்தானும். மைக்செட்காரருக்கு ஒயரைப் பற்றித் தெரியும் என்பது தலைவரின் கணிப்பு.

கேபிள் போட வந்த இன்ஜினியர் அமலதாஸ் நாகர்கோவில்காரர். பொறுமையான மனிதர், அதாவது வரும்போது.

"இதுக்குள்ள வெளிச்சம் போகுது, தலைவரே. ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"அதுக்கு எதுக்கு சார் கேபிளு? கரண்டு போச்சுன்னா எங்க ஊர்ல எல்லாத் தெருவுலயும் அந்த வெளிச்சம்தானே இருக்கு," என்றார் தலைவர்.

அமலதாஸ் அதைக் காதில் வாங்காமல் மேலே சொன்னார். ஒரே இழையில் பல நிறத்தில் வெளிச்சம் போகும்; ஒவ்வொரு நிறமும் ஒரு தனிச் சேதியைச் சுமந்துகொண்டு, ஒன்றோடொன்று கலக்காமல் போகும் என்றார்.

உலகம்மாள் கைகூப்பினாள். "எம் மக சேதியை மஞ்சள்ல விடுங்க சார். புண்ணியமாப் போகும். கறுப்பு மட்டும் வேண்டாம்."

அமலதாஸ் கொஞ்ச நேரம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளம்பும் அவசரத்தில் சொன்னார்: "கேபிளை மடக்காதீங்க, மடங்குனா வெளிச்சம் கசிஞ்சு போயிரும். முனையில யாரும் கண்ணு வைக்காதீங்க. பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சா என்னையக் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தவறு முழுக்க அவருடையது. கோணங்குளத்தில் ஒரு சமயத்தில் ஒரு விஷயத்துக்கு மேல் சொல்லியிருக்கக் கூடாது.

குழு உடனே கூடியது. ஆபீஸ் சுவரில் மிச்சக் கேபிள் சக்கரம் மாதிரி சுருட்டி மாட்டியிருந்தது.

"சுருட்டுனா மடக்குனதுதானேவே?" என்றார் தலைவர்.

"ஒரு மடக்கு இல்ல அண்ணாச்சி, அத்தனையும் மடக்கு," என்றார் சங்கிலிபூதத்தான். "வெளிச்சம் பூரா சுவத்துல கசிஞ்சுக்கிட்டு இருக்கும்."

"அதான் இந்தச் சுவரு வெள்ளையா இருக்கா," என்றாள் உலகம்மாள்.

அவிழ்த்து நீட்டினார்கள். கேபிள் ஆபீஸ் வாசலைத் தாண்டியது, தெருவைக் கடந்தது, நேர் எதிரே இருந்த சங்கிலிபூதத்தான் வீட்டு முன்வாசலில் நுழைந்து அடுப்படி வழியாகப் பின்வாசலில் வெளியேறி, ஆட்டுக் கொட்டகையில் போய் முடிந்தது. வெள்ளைப் பெட்டியும் கூடவே போய் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு ஒயர் இழுத்தார்கள். அதை மடக்கக் கூடாது என்று யாரும் சொல்லாததால் தாராளமாக மடக்கினார்கள். சங்கிலிபூதத்தான் வீட்டு முன்கதவையும் பின்கதவையும் இனிமேல் சாத்த முடியாது. தெருநாய்கள் அந்த வீட்டை ஒரு குறுக்குவழியாக ஏற்றுக்கொண்டன.

அடுத்தது கண் வைக்கிற பிரச்சினை.

"கண்ணு வைக்காதீங்கன்னு சாரே வாய்விட்டுச் சொல்லுதாருன்னா, வேற ஊர்ல யாரோ வச்சிருக்காங்கன்னு அர்த்தம்," என்றாள் உலகம்மாள். "மேலச்சுனைக்காரங்க கண்ணு பொல்லாத கண்ணு."

"சம்பந்தி ஊரு, உலகம்மா. பாத்துப் பேசு," என்றார் தலைவர்.

"சம்பந்தி ஆகுற வரைக்கும் பேசிக்கிடுதேன் அண்ணாச்சி."

கொட்டகை வாசலில் கண் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. அது போதாது, குழந்தைக்கு வைக்கிற மாதிரி முனையிலேயே திருஷ்டிப் பொட்டு வைத்துவிட வேண்டும் என்று தீர்மானமானது. சங்கிலிபூதத்தான் கேபிளைப் பெட்டியிலிருந்து உருவிப் பிடித்துக்கொள்ள, உலகம்மாள் விரலில் கண்மையை வழித்து, அந்தக் கண்ணாடி முனையில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். தூசி பட்டாலே தாங்காத முனை அது. திரும்பச் செருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சிவப்பு எரிந்தால் கூப்பிடச் சொன்னது சற்றுத் தாமதமாக ஞாபகம் வந்தது. தலைவர் ஊர் எல்லைக்குப் போய், நாகர்கோவில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, "அமலதாஸ்" என்று கூப்பிட்டார்.

"பேர் சொல்லியா கூப்பிடுவாக? படிச்ச மனுசன் அண்ணாச்சி," என்றார் சங்கிலிபூதத்தான்.

"அமலதாஸ் சார்" என்று திருத்திக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மைக்செட்டையே எடுத்துவந்து, குழாயை அந்தத் திசைக்குத் திருப்பி வைத்து, மாறி மாறி இரண்டு நாள் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அமலதாஸ் பைக்கில் வந்து இறங்கினார். வழக்கமான சோதனைக்குத்தான் வந்தார்; ஆனால் அதை அவர் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை.

பெட்டி ஆட்டுக் கொட்டகையில் இருப்பதைப் பார்த்தார். முனையை உருவிப் பார்த்தார். மையைத் துடைத்து எடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கு. ஆம்ப்ளிஃபையரைக் கூட்டணும். நாய்ஸ் வேற ஜாஸ்தி, இரைச்சலைக் குறைச்சாத்தான் படம் தெளியும். மெயின் ரோட்டுப் பெட்டியில பாத்துட்டு வந்திருதேன்," என்று தனக்குத்தானே சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சொற்கள் குழுவின் காதில் விழுந்துவிட்டன.

"ஆம்ப்ளிஃபையர்னா எங்கிட்ட இருக்கு," என்றார் சங்கிலிபூதத்தான். அவர் குரலில் இத்தனை நாள் யாரும் கேட்டிராத ஒரு கம்பீரம் வந்திருந்தது. "கோயில் கொடைத் திருவிழாவுல பத்து ஊருக்குக் கேட்ட ஆம்ப்ளிஃபையரு."

"ஆனா இரைச்சலைக் குறைக்கணும்னும் சொன்னாரே. ஒரே வாயால கூட்டவும் சொல்லுதாரு, குறைக்கவும் சொல்லுதாரு," என்றாள் உலகம்மாள்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம் என்பதால் ஊர் காத்திருந்தது. "ஆம்ப்ளிஃபையரைப் பெட்டி பக்கத்துல வைப்போம், புல்லா திருகி வைப்போம். ஆனா மைக்கை மாட்ட வேண்டாம். அது பாட்டுக்குப் பேசாம கூட்டிக்கிட்டு இருக்கட்டும். ஊரும் பேசாம இருக்கட்டும்."

அப்படியே ஆனது. கோயில் மணி நாக்கில் துணி சுற்றினார்கள். சேவல்களைக் கூடை போட்டு மூடினார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் கை ஜாடையில் நடந்தன. ஆடுகள் கத்தாமல் இருக்க அவற்றின் முன்னால் இலைக் குழை கட்டிவிட்டார்கள். அமலதாஸ் திரும்பி வந்தபோது ஊரில் இலை அசைகிற ஓசை கேட்டது. நிலைமை தேறியிருக்கிறது என்று அவர் மீட்டரில் தெரிந்தது. மெயின் ரோட்டில் அவர் செய்ததால் தேறியது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம்.

கொட்டகையில் பாய் விரித்து, செண்பகவடிவை மஞ்சள் புடவையில் உட்காரவைத்து, எதிரே பஞ்சாயத்துக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். திரையில் முதலில் மூக்காண்டியின் மீசை வந்தது. அப்புறம் பக்கத்துக் கட்டத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் தளவாயின் முகம் வந்தது.

"மாப்பிள்ளை லைன்ல இருக்காரு. பேசுங்க," என்றார் அமலதாஸ்.

எல்லோரும் சட்டென்று கேபிளைப் பார்த்தார்கள். அதன்மேல் காலை நீட்டியிருந்த தலைவர் மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

"வணக்கம்," என்றான் தளவாய். "உங்க பேரு செண்பகவடிவுதானே?"

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். அம்மா உதட்டில் விரல் வைத்ததைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"பிடிச்ச சமையல் என்ன?"

அவள் கண் கலங்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வழியில்லை.

"பொண்ணுக்குப் பேச்சு வருமா, வராதா?" என்று மூக்காண்டி திரையில் குரலை உயர்த்தினார். உலகம்மாள் வரும் வரும் என்று இரண்டு கையாலும் காற்றில் அடித்துக் காட்டினாள். அது மேலச்சுனையில் எப்படித் தெரிந்ததோ, மூக்காண்டியின் மீசை பின்வாங்கியது.

அந்த நேரம் பார்த்து, குழையைத் தின்று முடித்த கிடா ஒன்று அடுத்ததாகக் கேபிளைக் கடித்துப் பார்த்தது. திரை இருண்டது.

அமலதாஸ் எழுந்து நின்றார். "போச்சு. லைன் கட் ஆயிருச்சு. ஒட்டுற மெஷின் நாகர்கோவில்ல இருக்கு. எடுத்துட்டு வாரேன். நான் வர்ற வரைக்கும் தயவுசெய்து யாரும் எதையும் செய்யாதீங்க." பைக் போய் மறைந்தது.

உலகம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை லைன்ல இருக்காருன்னுதானே சார் சொன்னாரு?"

"ஆமா."

"லைன் கட் ஆயிருச்சுன்னா, அவரு?"

தலைவர் முகம் வெளுத்தது. "மொகம் இங்க வந்து சேந்துட்டு. மிச்ச உடம்பு பின்னால வந்துக்கிட்டுல்லா இருந்திருக்கும்."

"எங்க வரைக்கும் வந்திருப்பாருவே?" என்று சங்கிலிபூதத்தானைக் கேட்டார். ஒயர் தெரிந்தவர் அவர்தானே.

"சட்டை காலர் வரைக்கும் தெரிஞ்சுது. பக்கத்துலதான் இருக்கணும். மேலச்சுனைக்கு இந்தப் பக்கம்."

மண்வெட்டிகள் வந்தன. ஊரே திரண்டு கேபிள் போன வழியில் தோண்டத் தொடங்கியது. செண்பகவடிவு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் அள்ளினாள். இடுப்பில் ஒரு பிளாஸ்க் தொங்கியது. மாப்பிள்ளை களைத்துப்போய் வெளியே வந்தால் கொடுக்கக் காப்பி. அவ்வப்போது குழிக்குள் குனிந்து, "பயப்படாதீங்க, வந்துட்டோம்," என்றாள். நாள் பூராவும் வாய் திறக்காத பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான். கேட்கவேண்டிய ஆள்தான் இல்லை.

பனங்காட்டைத் தாண்டியதும் எதிரிலிருந்து இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மேலச்சுனைக்காரர்கள் தோண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மீசையெல்லாம் புழுதியாக மூக்காண்டி.

"நீங்க யாரைத் தேடுதீய?" என்று கேட்டார் அவர்.

"உங்க மாப்பிள்ளையத்தான். நீங்க?" என்றார் தலைவர்.

"உங்க பொண்ணைத்தான். பேச்சு வராத புள்ள. உள்ள மாட்டிக்கிட்டா ஒரு குரல் குடுக்கக்கூட முடியாதேன்னு எங்களுக்கு மனசு கேக்கல."

உலகம்மாள் அழுதுவிட்டாள். இப்படி ஒரு சம்பந்தம் தேடினாலும் கிடைக்குமா?

தலைவர் இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மண் தோண்டாமல் கிடந்தது. "எங்க பக்கம் பூரா பாத்தாச்சு, இல்ல. உங்க பக்கமும் இல்ல. அப்ப ரெண்டு பேரும் இந்த நடுவுலதான் இருக்கணும்."

மூக்காண்டி மண்வெட்டியை ஓங்கினார். உலகம்மாள் பாய்ந்து தடுத்தாள்.

"நிறுத்துங்க. கட்டிக்கப் போறவுக, மொத மொதல்ல தனியாச் சந்திச்சிருக்காக. நாம போய் நடுவுல நிக்கது நல்லாவா இருக்கும்?"

அதில் இருந்த நாகரிகம் இரண்டு ஊருக்கும் உறைத்தது. மண்வெட்டிகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். தை மாதம் முகூர்த்தம் என்று அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அந்தத் துண்டு மண்ணைச் சுற்றி இரண்டு ஊரும் தள்ளி உட்கார்ந்து, பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தன.

செண்பகவடிவு மண் படிந்த புடவையோடு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதோரம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"எம்மா, அவுகளுக்கு என்னையப் பிடிச்சிருக்குமா?"

"செத்த நேரம் சும்மா இரு புள்ள," என்றாள் உலகம்மாள், அந்த மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதத்தானே உள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கீய."