கணக்கில் வராத தெரு

கிட்ட வந்து உட்காருங்க. ஆப்பில் பதிந்தால்தான் லாரித் தண்ணீர் என்றிருந்த ஊர் அது. பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ள போனில் அந்த ஆப் திறக்காதபடி செய்துவிட்டார்கள். பழைய போன் மட்டுமே இருந்த ஒரு தெருவே தவித்தது. சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் லாரி ஓட்டும் பவுனுத்தாய், லாரி அனுப்பும் கம்பெனி மேனேஜரிடம் போய், பழைய போனை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள்.

“ஆப்பில் வந்த பதிவை எண்ணித்தாம்மா சொல்றேன். பழைய போன் நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல. இருக்குன்னா ஒரே ஒரு பதிவு காட்டு, லாரி அனுப்புறேன்!”

அவள் தன் பழைய போனை அவர் கையில் கொடுத்தாள். “நீங்களே ஒண்ணு பதிஞ்சு காட்டுங்க சார்.”

தட்டித் தட்டிப் பார்த்தார். “திறக்க மாட்டேங்குதே!”

“அப்ப நீங்களும் இந்த ஊர்ல இல்ல சார்.”

மேனேஜர் வீட்டுக்கென்று நிரப்பி வைத்திருந்த லாரியை எடுத்து, பவுனுத்தாய் சாவு வீட்டுக்குத் திருப்பினாள்.