வக்கீல் தில்லையாக இனி யார்?

நியாயம் சொல்லிப் பழகியவர்களையும் சற்றுத் தடுமாற வைக்கும் கதை இது. முழுவதும் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அமலதாசன் என்றொரு நடிகர் இருந்தார். எத்தனையோ வேடங்கள் போட்டிருந்தாலும் மக்களுக்கு அவர் வக்கீல் தில்லைதான். யாரும் தொடத் துணியாத வழக்குகளை எடுத்து வாதாடும் அந்தக் கற்பனை வக்கீலை வைத்து வரிசையாக ஐந்து படங்கள் வந்திருந்தன. தில்லை சண்டை போடமாட்டார், ஆடமாட்டார். நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்கவே தியேட்டர்கள் நிறைந்தன. ஒருமுறை, விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் நிஜமாகவே அவர் வீட்டுக்கு வந்து, "என் கேஸை நீங்கதான்யா நடத்தணும்" என்று நின்றார். அமலதாசன் அந்த அம்மாளை உட்காரவைத்து, தான் வெறும் நடிகன் என்று புரியவைத்து, நல்ல வக்கீல் ஒருவரிடம் தானே அழைத்துப் போனார்.

ஐந்தாவது படத்தின் வெற்றி விழாவில் தயாரிப்பாளர் வயிரவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே சொன்னார்: "இவர் இருக்கிற வரைக்கும் தில்லை வேஷத்தை வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன். இது சத்தியம்."

ஆறாவது படம் பாதி முடிந்திருந்தது. படப்பிடிப்பில், நீண்ட வாதம் ஒன்றின் நடுவே, அமலதாசன் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது, வலது கையும் பேச்சும் போயின.

"நாம சொல்றதெல்லாம் அவருக்குத் தெளிவாப் புரியும். யோசனையில ஒரு குறையும் இல்ல. நினைக்கிறது வாய்க்கு வராது, அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு அவர் நம்பிக்கை தரவில்லை.

வயிரவன் படத்தை நிறுத்திவிட்டார். பாதிப் படத்தைக் கிடப்பில் போடுவது அவருக்குப் பெரிய அடி. ஆனாலும், "ஊரறியச் சத்தியம் பண்ணிட்டு, மனுஷன் படுத்ததும் வேற ஆளைத் தேடுனா நான் எப்படி அவர் முகத்துல முழிப்பேன்?" என்றார். அந்தப் படத்தை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

அமலதாசனின் மனைவி ரெஜினாவுக்கு இன்னொரு வழி தென்பட்டது. பழைய படங்களிலிருந்து அவருடைய முகத்தையும் குரலையும் எடுத்துக் கணினியில் உருவாக்கி, வேறொருவர் உடம்பில் பொருத்திவிடலாம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. ரெஜினா உடனே சம்மதித்தார். "திரையில தன்னைப் பழையபடி பார்த்தா அவருக்குத் தெம்பு வந்துடும்" என்று நம்பினார். முன்கூட்டிச் சொன்னால் ஏங்கிப்போவார் என்று கணவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஐந்து படங்களையும் இயக்கிய பூங்கோதைக்கு இரண்டுமே ஒப்பவில்லை. மதுரை மேடை நாடகங்களில் நடித்துவந்த நன்மாறன் என்பவரை அவர் கண்டெடுத்தார். நாற்பது வயதைக் கடந்தும் நல்ல வாய்ப்பு ஒன்றும் கிடைக்காத கலைஞன். வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், பூங்கோதை அவரை அழைத்துக்கொண்டு அமலதாசன் வீட்டுக்குப் போனார்.

"சார், இவர் தில்லையா நடிக்கலாமா? நீங்க வேண்டாம்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடறேன். எனக்கு வருத்தமே இல்ல."

அமலதாசன் நன்மாறனை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை அசைத்து, பேசிக் காட்டச் சொன்னார். எந்த வாதத்தின் நடுவே அவர் விழுந்தாரோ அதையே நன்மாறன் பேசினார். அமலதாசன் கண்களை மூடிக் கேட்டார். சில வரிகளில் அவருடைய உதடுகளும் ஓசையில்லாமல் கூடவே அசைந்தன. முடிந்ததும் சரியென்று தலையசைத்தார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா சார்?" என்று பூங்கோதை மறுபடி கேட்டார்.

மறுபடியும் தலையசைத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ரெஜினா கொதித்துப்போனார். "நோயாளிய வந்து இப்படி அழவைக்கணுமா? கிளம்புங்க."

வெளியே வந்ததும் நன்மாறன், "மேடம், அவர் அழுததைப் பார்த்த பிறகு என்னால முடியாது. வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லி, அன்றே மதுரைக்குப் பேருந்து ஏறிவிட்டார். வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த வாய்ப்பு அது.

சத்தியத்தைக் காக்கப் படத்தையே நிறுத்தினார் வயிரவன். கணவர் மீள வேண்டும் என்று அவருடைய பிம்பத்தைக் கொடுக்கத் துணிந்தார் ரெஜினா. நேரில் போய்க் கேட்டு அவரை அழவைத்தார் பூங்கோதை. அந்தக் கண்ணீருக்காகத் தன் வாழ்நாள் வாய்ப்பையே விட்டுக்கொடுத்தார் நன்மாறன். நால்வருக்கும் அமலதாசன்மேல் அன்பு உண்டு. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை செய்ததே சரி. வயிரவன் சத்தியம் செய்தது அமலதாசனுக்காக. அதிலிருந்து வயிரவனை விடுவிக்கும் உரிமையும் அமலதாசனுக்கே உண்டு. அவர் மனம் தெளிவாக இருந்தும் வயிரவன் அவரைக் கேட்கவில்லை. ரெஜினாவும் கேட்கவில்லை. நன்மாறனின் தியாகம் பெரிதுதான். ஆனால் அமலதாசன் இருமுறை தலையசைத்துச் சொன்ன பதிலை விட்டுவிட்டு, சொல்லாத பதிலைக் கண்ணீரில் தேடினார். ஒருவர் அழுதுகொண்டே சம்மதிக்கலாம். அப்போதும் அது அவருடைய சம்மதம்தான். பூங்கோதை மதுரைக்கே போய் இதை நன்மாறனுக்குச் சொன்னார். அமலதாசனின் முடிவைக் கேட்டு வயிரவனும் இறங்கிவந்தார். ரெஜினாவும் கணினி யோசனையைக் கைவிட்டார். மறுபடி தொடங்கிய படப்பிடிப்பின் முதல் நாள் அவரே கணவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார். நன்மாறன் பேசி முடித்ததும் எல்லோர் பார்வையும் அமலதாசன்மேல் போயிற்று. திருப்தியில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கி, இடது கையின் ஒரு விரலை உயர்த்தினார். "இன்னொரு தடவை" என்றார் பூங்கோதை. நன்மாறன் எழுந்து நின்று மறுபடி பேசத் தொடங்கினார்.