திரவியத்தின் மெழுகுவத்தி

சந்தையில் முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் ஏமாளி. இந்தக் கதையிலும் முதல் நியாயம் காதில் விழுந்ததும் தலையாட்டிவிடாதீர்கள். மூன்று பேர் சொல்வதையும் கேளுங்கள், சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள், அப்புறம் வாயைத் திறங்கள்.

கருங்காலி மலையில் ஒன்பது வருஷம் ஊழியம் செய்தார் போதகர் சற்குணம். அவர் மனைவி கிருபைக்கு ஆறு வருஷத்துக்கு முன் அந்த மலையில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே தாய்க்கு நினைவு தப்பும் காய்ச்சல். பதினோரு நாள் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் வெள்ளச்சி. தேன் எடுக்கும் குடும்பத்துக்காரி. அவள் இடுப்பிலும் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. ஐப்பசி மழையில் பாதை சரிந்து ஜீப் மேலே வரவில்லை. மருந்து வாங்கப் போன போதகரும் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார். சபையைக் கவனித்துவந்த உபதேசியார் மாசிலாமணிதான் அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துத் திரவியம் என்று பெயர் வைத்தார். சடையன் என்கிற சுமைக்காரன் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கீழே ஓடினான். நாலாவது வளைவில் பிள்ளையின் வாய் உலர்ந்துபோக, இலையில் மழைத்தண்ணீர் பிடித்து உதட்டை நனைத்தான். அந்தச் சொட்டோடு முடிந்துவிட்டது. சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் குழி வெட்டிக் கல் நட்டவனும் அவனே.

அந்த மலையில் ஒரு வழக்கம். இறந்தவர் கல்லுக்கு வருஷம் ஒரு தடவை ஏதாவது வைக்கும் உரிமை, பெற்றவளை விட்டால் ஒரே ஓர் ஆளுக்குத்தான். கடைசியாக அவர் வாயில் ஊட்டியவருக்கு. ஊட்டின கைதான் மறுபடியும் ஊட்டலாம் என்பார்கள். மற்றவர் தொட்டால் ஊரே சண்டைக்கு வரும்.

கிருபை ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று காலையில், அந்தக் கல்லில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். ஒவ்வொரு வருஷமும் அவள் போகும்போது கல்லில் எறும்பு மொய்த்திருக்கும். பூ கிடையாது, பழம் கிடையாது, வெறும் கல். “உங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று முந்தானையால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் மெழுகுவத்தியை நிறுத்துவாள்.

இந்த வருஷம் மாற்றல் வந்தது. இரண்டாம் தேதி மெழுகுவத்தி, மூன்றாம் தேதி பயணம் என்று ஏற்பாடு. கிருபைக்கு அப்போது எட்டு மாதம்.

அக்டோபர் முப்பதாம் தேதி காலையிலேயே ஜீப்புக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஐயா, பாலத்துக்கு அடியில மண்ணு அரிச்சுக்கிட்டே போகுது. மத்தியானத்துக்குள்ள இறங்கலேன்னா பதினஞ்சு நாளைக்கு யாரும் இறங்க முடியாது. அம்மா இருக்குற நிலைமையில…”

அதே மழை, அதே பாதை. யாருக்கு விளக்க வேண்டும்?

“இன்னும் மூணே நாள்,” என்றாள் கிருபை. போதகர் டிரங்குப் பெட்டியை ஜீப்பில் ஏற்றினார். அவர் முதுகு குலுங்கியதை அவள் பார்த்தாள். அதற்கு மேல் கெஞ்சவில்லை.

இனி போகும் ஊரில் திரவியம் என்ற பெயரை அறிந்தவர் யாருமில்லை. பிறக்கப்போகும் பிள்ளையைத்தான் மூத்தது என்பார்கள். அங்கே ஒவ்வொருவரிடமும் “இல்லை, இதற்கு முன்னால் ஒருவன்” என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பாள்?

பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தாள். ஒன்றுதான் இருந்தது.

உபதேசியார் கையை நீட்டினார். “கொடுங்கம்மா. பேர் வச்சவன் நான். பேர் சொல்லி ஜெபம் பண்றவனும் நான். சர்ச்சுச் சாவிகூட என்கிட்டதான் இருக்கு.”

“சாவிய வச்சுக் கல்லறையவா திறக்கப் போறீங்க?” என்றான் சடையன். “அம்மா, கடைசிச் சொட்டு என் கையால போச்சு. எங்க வழக்கப்படி அது எனக்குத்தான்.”

“உங்க வழக்கம் உங்களோட. இது சபைக் கல்லறை.”

“குழி வெட்டுனப்ப எங்க நின்னீங்க உபதேசியாரே?”

“குடை பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான்டா நின்னேன்.”

“ஆமாமா. உங்க தலைக்கு.”

ஜீப்புக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். வழியனுப்ப ஒரு பாட்டில் தேனோடு வந்த வெள்ளச்சி, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

“நீ ஒண்ணும் கேக்கலையா வெள்ளச்சி?” என்றாள் கிருபை.

“நான் என்னத்தம்மா கேக்குறது? எனக்கு அந்த உரிமையில்லையே.” தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க கவலப்படாமப் போங்க. அவன் பசியா இருக்க மாட்டான்.”

கிருபை ஜீப்பின் படியில் ஒரு கால் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மெழுகுவத்தி ஒன்று. பெயர் வைத்தவர் ஒருவர், கடைசிச் சொட்டு ஊட்டியவன் ஒருவன், பால் கொடுத்தவள் ஒருத்தி. சொல்லுங்கள், அதை யார் கையில் கொடுப்பது சரி?

*

மூன்றாக ஒடித்துப் பங்கு போடலாமே என்று சொல்கிறவர் முதலில் எழுந்து போகட்டும். அது சந்தைப் பேரம். வழக்கப்படி சடையனுக்குத்தானே என்பவர் பாதி தூரம் வந்திருக்கிறார். ஊட்டின கை மறுபடி ஊட்ட வேண்டும், அதுதானே வழக்கம்? ஆறு வருஷத்தில் மறுபடி ஊட்டின கை எது? வெறும் கல்லுக்கும் மழைத்தண்ணீருக்கும் எறும்பு மொய்க்காது ஐயா. பாலும் தேனும் விழுந்த இடத்தில்தான் மொய்க்கும். சடையன் வைத்திருந்தால் உரிமையோடு ஊரறியவே வைத்திருப்பான். உரிமையில்லை என்று ஊர் சண்டைக்கு வரும் என்பதால், கிருபை வருவதற்கு முன்பே வந்து, ஒருத்தி யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மற்ற இருவரும் உரிமையைக் கேட்டார்கள். அவள் பிள்ளையின் பசியைப் பார்த்தாள். கிருபை இறங்கி வந்து வெள்ளச்சி கையில்தான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்: “வருஷா வருஷம் நான் அந்த எறும்பைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டேனே வெள்ளச்சி. நீ துடைக்காதே.”