பழைய எக்கோ மிஷினின் உயிர்

ஆராவமுதன் பெரிய இசையமைப்பாளர். வாய் அதைவிடப் பெரிசு. அவருடைய பழைய எக்கோ மிஷின் மாதிரியே சத்தம் தரும் சாஃப்ட்வேரைப் பாட்டில் போட்டதற்காக, பாட்டுக்கு மிக்ஸிங் செய்யும் ஜெசிந்தாவிடம் எகிறினார்.

"கம்ப்யூட்டர் எக்கோ செத்த சத்தம்மா. மிஷின்லயே போடு. இல்லன்னா நாளைக்கு வராதே."

அவள் பாட்டை மறுபடி ஓட்டினாள். அவரே மிஷின் குமிழைத் திருகிக் கண்ணை மூடினார்.

"பாத்தியா, கூட்டினதும் உயிர் வந்துடுச்சு."

"அப்போ நாளைக்கு வரலாமா சார்?"

"தாராளமா வா."

"ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன்னு மிஷின் ஒயரையெல்லாம் நீங்கதான் கழட்டினீங்க. இன்னும் மாட்டலை. இப்பவும் ஓடுறது சாஃப்ட்வேர்தான்."

"அப்போ நான் எதைம்மா கூட்டினேன்?"

"குமிழ்ல வெச்ச குங்குமத்தை சார். விரலைப் பாருங்க."